உம்மா நடந்து போன ஊர்: ஒக்லஹோமா சிற்றியிலிருந்து ஹம்ட்ராம்க்குக்கு

ஊருக்குத் தொலைபேசி எடுக்கும் போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "நல்லா இரிந்த இடத்த விட்டுப்போட்டு ஏன் அந்த இடிஞ்ச ஊருக்குப் போன நீங்க?" கேட்பவர்களில் குறை இல்லை. டெட்ரோயிட் என்றதும் கூரை விழுந்த வீடுகளும் கண்ணாடி உடைந்த தொழிற்சாலைகளும்தான் தொலைக்காட்சியில் காட்டப்படுகின்றன. 2013 ஜூலையில் அந்த மாநகரம் வங்குரோத்து மனுப் போட்ட செய்தி அக்கரைப்பற்றுத் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. ஒக்லஹோமா சிற்றியைப் பற்றி நம்மவருக்கு அபிப்பிராயமே கிடையாது. ஆகவே நான் கெட்டதைத் தேடிப் போனவனாகத் தெரிகிறேன்.

பதினான்கு வருடங்கள் ஒக்லஹோமா சிற்றியில் இருந்துவிட்டு 2022 கோடையில் நாங்கள் மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தோம். இந்த இரு நகரங்களும் எப்படி ஆனவை, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனால் எது கிடைக்கும், எது பறிபோகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்காவில் பிள்ளைகளிடம் போய் இருக்க யோசிக்கும் வயதான பெற்றோர் நம்மிடையே பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் ஒரு கணக்கு. 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒக்லஹோமா சிற்றியில் 681,054 பேர். டெட்ரோயிட்டில் 639,111 பேர். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டெட்ரோயிட்டின் நிலப்பரப்பு சுமார் 139 சதுர மைல். ஒக்லஹோமா சிற்றியினுடையது 600 சதுர மைலுக்கும் அதிகம். நமக்கு விளங்கும்படி சொன்னால், கொழும்பு மாவட்டம் முழுவதையும் போல் இரண்டு மடங்குக்கு மேல். கொழும்பு மாநகரசபையை அல்ல, மாவட்டத்தைச் சொல்கிறேன். நகர எல்லைக்குள்ளேயே மாடு மேய்கிறது, கோதுமை விளைகிறது.

இப்படி அகன்று கிடப்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரே நாளில் பிறந்த ஊர். 1889 ஏப்ரல் 22 நண்பகலில் துப்பாக்கி வெடித்ததும் குதிரையிலும் வண்டியிலும் ஓடிப்போய் யார் முதலில் முளை அடிக்கிறாரோ அவருக்கே காணி என்று அரசாங்கம் விட்ட பந்தயத்தில், மாலைக்குள் சுமார் பத்தாயிரம் பேர் கூடாரம் போட்டுவிட்டார்கள். பூர்வகுடிகளை வேறு இடங்களிலிருந்து துரத்திக் கொண்டுவந்து குடியேற்றிய பிரதேசம் அது என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பின்னர் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் நகரசபை சுற்றியிருந்த வெறுஞ்சமவெளியையெல்லாம் தன் எல்லைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டது. காணி மலிவு, எண்ணெய் மலிவு, கார் எல்லாரிடமும் இருந்தது. தடுப்பதற்கு மலையுமில்லை, கடலுமில்லை. ஊர் பரந்துகொண்டே போனது.

அங்கே பெருந்தெருக்கள் மைலுக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாகப் போகும். 1785 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய காணிச் சட்டம் நாட்டின் மேற்கு நிலங்களை ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டங்களாக அளக்கச் சொன்னது. அந்த அளவைக் கோடுகளே இன்றைய வீதிகள். இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கும் மூலையில் பெற்றோல் நிலையம், மருந்துக்கடை, பெரிய அங்காடி. சதுரத்தின் உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒழுங்கைகளில் வீடுகள். அந்த வீட்டுத் தொகுதிக்கு ஒன்றோ இரண்டோ வாசல். முன்னால் தெரியும் கடைக்கும் நேர்வழி கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும். பெருந்தெருவின் பல இடங்களில் நடைபாதையே இல்லை. புல்லில் நடக்கலாம்தான். மணிக்கு 45 மைல் வேகத்தில் வாகனங்கள் உரசிக்கொண்டு போகும்.

எனக்கும் மனைவிக்கும் இதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. வாடகை குறைவு, வீடு பெரிது, எனக்கு நல்ல வேலை. ஜும்ஆவுக்குக் காரில் இருபத்தைந்து நிமிடம், ஹலால் இறைச்சிக்கு இன்னொரு திசையில் இருபது நிமிடம். சனிக்கிழமை நண்பகலில் சூறாவளி எச்சரிக்கைச் சங்கைப் பரீட்சித்து ஊதுவார்கள், பழகிவிட்டோம். 2013 மே 20 அன்று பக்கத்து மூர் நகரத்தைச் சூறாவளி கிழித்துப் போட்டு 24 பேரைக் கொன்றபோது, நாங்கள் மூவரும் குளியலறைத் தொட்டிக்குள் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தோம். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. களிமண் நிலம்.

முஸ்லிம்கள் என்ற வகையில் அங்கு என்ன நிலை என்றும் கேட்பார்கள். 1995 இல் அந்நகரின் மத்திய அரசாங்கக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தபோது முதல் சந்தேகம் விழுந்தது நம்மவர் மேல்தான். செய்தவர் வெள்ளை இனத்து முன்னாள் படைவீரர் என்று பிறகே தெரிந்தது. 2010 நவம்பரில் நீதிமன்றங்கள் ஷரீஆவைக் கவனத்தில் எடுக்கக்கூடாது என்று மாநில யாப்பைத் திருத்தும் பிரேரணைக்குச் சுமார் 70 வீதத்தினர் ஆதரவாக வாக்களித்தார்கள். மத்திய நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: எங்கள் அயலவர் எவரும் எங்களிடம் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. கையசைப்பார்கள், கராஜ் கதவு மேலே போகும், கார் உள்ளே போகும், கதவு கீழே இறங்கும். பதினான்கு வருடத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.

குறை தெரியத் தொடங்கியது உம்மா வந்த பிறகு. வாப்பா மௌத்தான பின் உம்மாவைத் தனியே விட மனமில்லாமல் 2019 இல் அழைத்துக்கொண்டோம். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு. பின்னேரம் வரை உம்மாவும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும். முதல் மாதம் யன்னலோரம் கதிரை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டார்: "மகன், இந்த ஊர்ல மனிசர் எங்க இரிக்காங்க? காருக்குள்ள மட்டுந்தானா?" சிரித்துவிட்டேன். மூன்றாவது வருடத்தில் கதிரையையும் யன்னலோரத்திலிருந்து எடுத்துவிட்டார். பார்க்க ஒன்றுமில்லையாம். முழங்கால் நோ என்று போனோம். கிட்டடியில் நடந்து திரிவாரா என்று வைத்தியர் கேட்டார். நடக்க இடமில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மில்லியன் ஏக்கர் சமவெளிக்கு நடுவில் நின்றுகொண்டு!

அந்த நேரத்தில்தான் மிச்சிகனில் வாகன உதிரிப்பாக நிறுவனம் ஒன்றில் வேலை வந்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. டெட்ரோயிட்டின் வடக்குப் புறநகரில் வீடு பார்க்கச் சொன்னார்கள் நண்பர்கள். பார்த்தால் மீண்டும் அதே புல்வெளி, அதே கராஜ் கதவு. கடைசியில் ஹம்ட்ராம்க்கில் வாங்கினோம்.

ஹம்ட்ராம்க் தனி நகரம். ஆனால் ஏறக்குறைய முழுவதும் டெட்ரோயிட்டால் சூழப்பட்டது. பரப்பு வெறும் இரண்டு சதுர மைல். 2020 இல் சனத்தொகை 28,433. நெருக்கத்தில் காத்தான்குடியை நினைத்துக்கொள்ளுங்கள், கடல் மட்டும் இல்லை. இந்த நெருக்கத்துக்குக் காரணம் டொஜ் சகோதரர்கள் 1910 இல் அங்கே திறந்த கார்த் தொழிற்சாலை. அதே 1910 இல் 3,559 ஆக இருந்த சனத்தொகை 1920 இல் 48,615 ஆயிற்று. வந்தவர்கள் பெரும்பாலும் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர். கார் செய்தவர்கள், ஆனால் ஆரம்பத்தில் அநேகரிடம் கார் இல்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் நடந்து போய்ச் சேர வேண்டும். ஆகவே முப்பது அடி அகலத் துண்டுகளில், கை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர் தட்டுப்படும்படி, மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பமாக வீடுகள். மூலைக்கு மூலை கடை, நடந்து போகும் தூரத்தில் தேவாலயம், பாடசாலை, எல்லாத் தெருவிலும் நடைபாதை.

நான் சொல்ல வந்த விடயத்தின் மையம் இதுதான். இரண்டு ஊர்களுக்கும் அளவைக் கோடு ஒன்றே. டெட்ரோயிட்டின் வடக்கெல்லையான எட்டு மைல் வீதி, மிச்சிகன் மாநிலம் முழுவதையும் அளக்கத் தொடங்கிய அடிக்கோடு. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றைக் காருக்காக நிரப்பினார்கள், மற்றதைக் காலுக்காக நிரப்பினார்கள். கார் பிறந்த ஊரிலேயே கார் இல்லாமல் வாழ முடிகிறது என்பது வேடிக்கைதான்.

தொழிற்சாலை நிலைக்கவில்லை. டொஜ் ஆலை 1980 இல் மூடப்பட்டது. அந்த இடத்திலும் பக்கத்திலிருந்த போல்டவுன் குடியிருப்பிலும் ஜெனரல் மோட்டர்ஸுக்குப் புது ஆலை கட்ட, 1981 இல் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை எழுப்பி வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்தார்கள். தனியார் கம்பனிக்காக அரசு காணி பறிப்பது சரி என்று அப்போது தீர்ப்புச் சொன்ன மிச்சிகன் உயர் நீதிமன்றமே 2004 இல் அத்தீர்ப்பை மாற்றிக்கொண்டது. இடிபட்டவர்களுக்கு அதனால் ஒரு செங்கல்லும் திரும்பவில்லை. காணி சுவீகரிப்பு என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இந்தக் கதையை அதிகம் விளக்கத் தேவையில்லை. அந்த ஆலை இன்றும் இயங்குகிறது, மின்சார வாகனங்களுக்கென மாற்றப்பட்டு.

போலந்துக்காரரின் பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். காலியான வீடுகளுக்கு யெமனியர், பொஸ்னியர், பங்களாதேஷிகள் வந்தார்கள். நியூயோர்க்கின் வாடகையைத் தாங்க முடியாமல் அங்கிருந்து வந்த வங்காளக் குடும்பங்கள் ஏராளம். இந்தப் பிரதேசத்துக்கு முஸ்லிம்கள் புதியவர்கள் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ஹைலண்ட் பார்க்கில் போர்ட் நிறுவனம் 1914 இல் நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்று அறிவித்த சம்பளம் சிரியா, லெபனான், துருக்கிப் பக்கத்துத் தொழிலாளரையும் இழுத்தது. 1921 இல் அவர்கள் ஹைலண்ட் பார்க்கில் பள்ளிவாசல் கட்டினார்கள். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்ட முதற் கட்டடங்களுள் அது ஒன்று. அது நெடுநாள் நீடிக்கவில்லை. போர்ட் தன் பெரிய ஆலையை டியர்போர்னுக்கு நகர்த்தியதும் தொழிலாளரும் பின்னாலேயே போனார்கள், பள்ளிவாசல்களும் அங்கே எழுந்தன.

2004 இல் ஹம்ட்ராம்க்கின் அல்-இஸ்லாஹ் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டது. நகரசபை சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தியது. எதிர்த்தவர்கள் சர்வசன வாக்கெடுப்புக்குப் போனார்கள். அதிலும் திருத்தம் நிலைத்தது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் கூடாது என்ற நிபந்தனையோடு. 2015 தேர்தலில் சபையில் முஸ்லிம்கள் பெரும்பான்மை, 2021 தேர்தலில் யெமனில் பிறந்த மேயரும் முழு முஸ்லிம் சபையும். ஊரில் இதை ஏதோ வெற்றி விழாப்போல் பகிர்ந்துகொண்டார்கள். இங்கிருந்து பார்த்தால் அது அவ்வளவு எளிதல்ல. கடன் காரணமாக இந்நகரத்தை மாநில அரசு இரண்டு முறை அவசர முகாமையாளரின் கையில் கொடுத்திருந்தது. எவர் வந்தாலும் நூறு வருடத்துக் குழாய்களும் குழி விழுந்த வீதிகளும்தான் மேசையில் கிடக்கும். கொடியேற்றுவது சம்பந்தமான 2023 தீர்மானத்தால், முன்பு முஸ்லிம்களுக்குத் துணை நின்றவர்கள் சிலர் மனம் நொந்ததும் நடந்தது. சிறுபான்மையாக இருந்து பழகிய நாம் பெரும்பான்மையாக நடந்துகொள்ளவும் பழக வேண்டியிருக்கிறது.

உம்மாவுக்கு இந்த அரசியல் ஒன்றும் தேவைப்படவில்லை. வந்த மறுநாள் அஸருக்குப் பாங்கு கேட்டு, கையிலிருந்த அகப்பையோடு வெளித்திண்ணைக்கு வந்து நின்றார். ஒரு கிழமைக்குள் பள்ளிவாசலுக்கு வழி பிடிபட்டது. எட்டு நிமிட நடை. வங்காளக் கடையில் வெற்றிலை இருந்தது, கொட்டைப்பாக்கு இருந்தது, கருவாடும் இருந்தது. எதிர்வீட்டு சில்ஹெட் பெண்மணிக்கும் உம்மாவுக்கும் பொது மொழி கிடையாது; இருவருக்கும் சுரை விதை இருந்தது. இங்கே வங்காளிகளின் வீட்டுப் பின்வளவில் கம்பியும் தடியும் கட்டிப் பந்தல் போட்டிருப்பார்கள், ஆகஸ்டில் சுரைக்காய் தொங்கும். எங்கள் துண்டு வளவிலும் தொங்கியது. வலது பக்கத்து வீட்டில் எண்பது கடந்த போலந்துக் கிழவி. அவர் நோன்புக்கு முன் தம் வழக்கப்படி பொரித்த இனிப்பு ரொட்டி கொண்டுவந்தார். அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்று அவரே சொல்லித் தந்து, அடுத்த வருடம் எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்தார்.

இனிப் பறிபோனவை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் வீட்டுப் புரோக்கர் ஆகிவிடுவேன்.

வீட்டு விலை மலிவு. சேமிப்போடு மச்சான்மார் தந்த கைமாற்றும் சேர, வட்டிக் கடன் இல்லாமலே வாங்க முடிந்தது. அது பெரிய நிம்மதி. (முராபஹா முறையில் வீடு வாங்க உதவும் நிறுவனங்களும் மிச்சிகனில் உண்டு.) ஆனால் விலை மலிவு என்றால் வீடு மலிவு என்று அர்த்தமில்லை. பழைய சொந்தக்காரரின் சோலைவரிப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். அடுத்த வருடம் வந்த பட்டியலைக் கண்டு மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். 1994 இலிருந்து மிச்சிகனில், ஒருவர் ஒரு வீட்டை வைத்திருக்கும் வரை வரிக்குரிய பெறுமதி ஆண்டுக்குப் பணவீக்க அளவு அல்லது ஐந்து வீதம், இரண்டில் குறைந்ததற்கு மேல் ஏறாது. கை மாறியதும் அந்த மூடி திறந்து, சந்தைப் பெறுமதியின் பாதிக்கு ஒரேயடியாக ஏறிவிடும். இருபது வருடம் இருந்தவரின் பட்டியல் வாங்குபவருக்கு ஒன்றும் சொல்லாது. அத்தோடு, 'இது நான் குடியிருக்கும் வீடு' என்று ஒரு படிவம் கொடுக்காவிட்டால் பாடசாலை வரி மேலதிகமாக விழும். இதை யாரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். நாமே நகரசபையில் கேட்க வேண்டும். ஹம்ட்ராம்க்கில் வசிப்பவர் வருமானத்தில் ஒரு வீதம் நகரத்துக்கு வேறு. ஒக்லஹோமாவில் அப்படி ஒன்று கிடையாது. கார்க் காப்புறுதி எங்களுக்கு இரண்டு மடங்குக்கு மேலாயிற்று.

நிலவறை இன்னொரு பாடம். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, மேலே வெள்ளைப் பூச்சு. 2021 ஜூன் பெருமழையில் இந்தப் பிரதேசத்தின் ஆயிரக்கணக்கான நிலவறைகளுக்குள் கழிவுநீர் ஏறியது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய முறை. வாங்குமுன் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தேன். ஈரப்பதன் என்று சொன்னார்கள், நம்பிவிட்டேன். ஈயக் குழாய், ஈயப் பெயின்ட் இரண்டையும் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். 1978 க்கு முன் கட்டிய எந்த வீட்டிலும் ஈயப் பெயின்ட் இருக்கலாம், இங்கே வீடுகளோ நூறு வயதுக்காரர்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரியது குளிர்காலம். ஒக்லஹோமாவிலும் பனி விழும், இரண்டு மூன்று நாளில் உருகிவிடும். இங்கே டிசம்பரில் விழுந்தது இறுகிக் கிடக்கும், பகலில் கொஞ்சம் உருகி இரவில் கண்ணாடியாகும். வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, எல்லாரும் செய்வதில்லை. எட்டு நிமிட நடையில் ஒரு வீட்டுக்காரர் செய்யாவிட்டால் போதும். முதலாவது ஜனவரியில் உம்மா மூன்றாவது வீட்டு முன்னால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மஃரிப் ஐந்து மணிக்கே வந்துவிடும், சுபஹ் சூரியன் எட்டு மணிக்குத்தான். கதிரை மீண்டும் யன்னலோரம் வந்தது. ஆனால் இந்த முறை தெருவில் ஆட்கள் போனார்கள். பார்க்க ஏதோ இருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி தினமும் வந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையோடு உம்மா வெற்றிலை மடிக்க, அவர் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தார். கோடையில் எதிர்மாறு: இஷா பத்தே முக்காலைத் தாண்டும், ஒலிபெருக்கியில் பாங்கு கிடையாது. "பாங்கு சொல்லாமயே இஷா வருது" என்று உம்மாவுக்கு இன்றும் மனத்தாங்கல்.

இப்போது ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். நவம்பர் நடுவில் உம்மா அக்கரைப்பற்றுக்குப் போவார், ராத்தா வீட்டில் இருப்பார், ஏப்ரலில் திரும்பி வருவார். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் நிரந்தர வதிவிட உரிமைக்குப் பொதுவாகத் தொந்தரவில்லை. விமானச் சீட்டுக் காசு சம்பளத்தில் ஒரு துண்டைத் தின்கிறது. ஒக்லஹோமாவில் பெரிய வீட்டு வாடகைக்குப் போன காசு என்று நினைத்துக்கொள்கிறேன்.

போலந்துக் கிழவியின் வீடு சென்ற மாதம் விற்பனைக்கு வந்தது. மகள் தன்னோடு புறநகருக்கு அழைத்துப் போகிறாராம். பெரிய வீடு, பெரிய வளவு, எல்லாம் ஒரே தளத்தில், ஏறி இறங்கத் தேவையில்லை. மகள் சந்தோஷமாகச் சொன்னார். நான் உம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். உம்மா கேட்டார்: "அங்க அவவுக்கு நடக்க ரோட்டு இரிக்காமா? கேளு மகன்." நான் கேட்கவில்லை.